இல்லம் இரண்டாவது போர்க்களமாகலாகாது

தாயகத்தில் 2009 மே மாதத்துடன் துப்பாக்கிகள் ஓய்ந்தன. எமது இல்லங்களிலும் போர் ஓய்ந்துவிட்டதா?

ஆழிப்பேரலையின் பின்னர், 2005 இல், இலங்கையின் வடகிழக்கில் 296 தமிழ் மாணவர்களிடம் ஆய்வாளர்கள் நேரில் விபரம் திரட்டினர். அவர்களில் 82 சதவீதமானோர் போரின் கொடுமையொன்றையேனும் அனுபவித்திருந்தனர். 30 சதவீதமானோர் மனவடு நோய்க்கு ஆளாகியிருந்தனர்.

2008 இல் வெளியான இவ்வாய்வின் இன்னொரு முடிவு எம்மைத் தலைகுனியச் செய்கிறது. போருக்கு அதிகம் முகங்கொடுத்த பிள்ளைகளும், தந்தையரின் மதுப்பழக்கம் மிகுந்த வீட்டுப் பிள்ளைகளும் வீட்டினுள்ளேயே கூடுதலாக வதைக்கப்பட்டிருந்தனர். போரும் பேரலையும் வீட்டு வன்முறையும் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர நோயும் மிகுந்தது.

ஆபத்தைக் கண்டதும் மூளை உடலை உசார்ப்படுத்துகிறது. அட்ரினலினும் கோர்ட்டிசோலும் சுரக்கின்றன. ஆபத்து நீங்கியதும் இவை தணிய வேண்டும். அச்சம் நாளாந்த வாழ்வாகிவிட்டால், வளரும் மூளையில் ஆபத்தை மோப்பம் பிடிக்கும் பகுதி மிகையாக இயங்குகிறது. நினைவுக்கும் நிதானத்துக்குமுரிய பகுதிகள் பாதிப்புறுகின்றன. வகுப்பில் மனம் ஒன்றாத, சிறு ஓசைக்கும் திடுக்கிடுகின்ற பிள்ளையைச் சோம்பேறி என்று ஏசுவதும் அடிப்பதும் புண்ணில் வேல் பாய்ச்சுவதாகும்.

எனினும் இது மாற்றவொண்ணாத தலைவிதியன்று. துன்புற்ற பிள்ளை மீண்டெழுவதற்கு, அன்பு மாறாத பெரியவர் ஒருவரேனும் அருகில் இருப்பது பெருந்துணை என்பதை ஆய்வுகள் மீண்டும் மீண்டும் உறுதிப்படுத்தியுள்ளன. அவர் தாயாகவோ அம்மம்மாவாகவோ ஆசிரியராகவோ இருக்கலாம்.

ரொறன்ரோவில் எமது பெற்றோர் பலர் இரண்டு வேலை பார்க்கின்றனர்; அகதி விண்ணப்பத்தின் முடிவை எண்ணி உறக்கமிழக்கின்றனர். அவர்களும் காயம்பட்டவர்களே. இந்நகரத் தமிழரிடையே நடத்தப்பட்டு 2003 இல் வெளியான ஆய்வொன்று, வயதுவந்தோரில் சுமார் 12 சதவீதமானோர் மனவடு நோயால் வருந்தியதாகவும், அவர்களுள் சிகிச்சை பெற்றோர் மிகச் சிலரே எனவும் கூறியது. 'விசர் என்று சனம் சொல்லும்' என்ற அச்சமே பலருக்குத் தடையாகிறது. சித்திரவதைக்கும் போருக்கும் தப்பியோருக்கு உதவும் நிலையம் இந்நகரிலேயே உள்ளது. அதன் படியேறுவதில் வெட்கமில்லை.

ஊர்ச் சங்கங்களும் பழைய மாணவர் சங்கங்களும் ஆண்டுதோறும் இராப்போசன விருந்துகள் நடத்துகின்றன. அவற்றுள் ஒரு மாலைப்பொழுதை இவ்விடயம் பற்றிப் பெற்றோர் மனந்திறந்து பேசுவதற்கு ஒதுக்குமாறு வேண்டுகிறோம்.

போரைத் தடுக்கும் வல்லமை எம்மிடம் இருக்கவில்லை. பிள்ளைமீது ஓங்கிய கையைத் தாழ்த்தும் வல்லமை எம் ஒவ்வொருவரிடமும் உண்டு.