பெரியம்மாவின் பங்கு எங்கே?

போன இதழில் வடு மாங்காய் பக்குவம் எழுதினேன். இந்தத் தடவை மனசில் கனத்துக் கிடக்கும் ஒரு விஷயம் சகோதரிகளே.

ராயபுரத்தில் எங்கள் தெருக்கோடியில்தான் பெரியம்மா வீடு. பெரியப்பா துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நாலு வருஷமாக மறதி நோய். ராத்திரி மூணு மணிக்குச் சட்டையை மாட்டிக்கொண்டு, "டூட்டிக்கு நேரமாச்சு" என்று கிளம்பிவிடுவார். ஒரு விடியற்காலை காசிமேட்டு மீனவத் தம்பிகள்தான் கைத்தாங்கலாகக் கூட்டி வந்து விட்டார்கள். அவரைத் தூக்கப் போய்ப் பெரியம்மா குளியலறையில் விழுந்து, இடுப்பு பிசகியது. எழுபது வயசு உடம்பு எத்தனை நாள் தாங்கும்?

முதியோரைக் கவனிக்கும் இல்லத்தில் சேர்க்கலாம் என்று டாக்டர் சொன்னதும் அவள் அழுதாள். "கட்டினவரைக் காசு கொடுத்து ஒரு எடத்துல விட்டுட்டு, நான் எப்படிடி சோறு திம்பேன்?" அழுது முடித்ததும் கணக்கு நோட்டை எடுத்தாள்.

பென்ஷன் 40,000 ரூபாய். இல்லத்துக்கு 28,000, டயப்பர், மருந்து 6,000, போக வர ஆட்டோ 1,000. ஆக 35,000. "மிச்சம் அஞ்சாயிரம், போதும்" என்றாள்.

"பெரியம்மா, உன் பங்கு எங்கே?" என்று கேட்டேன்.

விழித்தாள். அவள் சாப்பாடு, சர்க்கரை மாத்திரை, கரண்ட், கேஸ் எதையும் எழுதவில்லை! உட்கார்ந்து எழுதினோம். எவ்வளவு சிக்கனமாகப் போட்டும் 12,000. மாதம் 7,000 துண்டு விழுந்தது. வளையலைக் கழற்றப் போனவளைத் தடுத்தேன். பிள்ளைகள் மூவரையும் ஒரு ஞாயிறு வரவழைத்து நோட்டைக் காட்டினோம். மூத்தவன் 3,000, மற்ற இருவரும் இரண்டிரண்டாயிரம் என்று ஒத்துக்கொண்டார்கள். எல்லாப் பிள்ளைகளும் இப்படி இருப்பார்களா? பெற்றோர் பராமரிப்புக்கு 2007-ம் வருஷத்துச் சட்டம் இருக்கிறது. நம் மாநிலத்தில் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் மனுக் கொடுக்கலாம். வழி கேட்க முதியோர் உதவி எண் 14567.

இல்லத்தில் பணம் கட்டுமுன் இவற்றைக் கேட்டு எழுதி வாங்குங்கள்: மாதக் கட்டணத்தில் எது சேர்த்தி, எது தனி? வருஷத்துக்கு எவ்வளவு ஏறும்? ஆஸ்பத்திரியில் படுத்த நாட்களுக்கும் கட்டணம் உண்டா? முன்பணத்தில் எவ்வளவு திரும்பி வரும்? மருத்துவக் காப்பீட்டை நம்பி இறங்காதீர்கள். அது ஆஸ்பத்திரிச் செலவுக்குத்தான். இல்லத்தின் மாதக் கட்டணத்துக்குப் பொதுவாக உதவாது.

இன்னொன்று. கணவர் தெளிவாக இருக்கும்போதே பென்ஷன் கணக்கில் உங்கள் பெயரையும் சேர்த்துவிடுங்கள். அவர் தெளிவாக எழுதிக் கொடுத்த பவர் பத்திரம்கூட, புத்தி தெளிவு போனபின் செல்லாது. 2024-ல் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு ஒரு வழக்கு வந்தது. கோமாவில் கிடக்கும் கணவரின் மருத்துவச் செலவுக்காக, அவர் பெயரிலுள்ள சொத்தை விற்கவோ அடமானம் வைக்கவோ மனைவி அனுமதி கேட்டார். தனி நீதிபதி சிவில் கோர்ட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார். அப்பீலில் இரண்டு நீதிபதிகள் மனைவியையே காப்பாளராக நியமித்தார்கள். ஆனால், 50 லட்ச ரூபாயைக் கணவர் பெயரில் டெபாசிட் போட்டு, வட்டியை எடுத்துக்கொள்ள வேண்டும் என்று நிபந்தனை. கட்டின மனைவியே கோர்ட்டுப் படி ஏற வேண்டியதாயிற்று பாருங்கள்.

வீட்டை விற்றுவிடலாம் என்று யாராவது சொன்னால் அவசரப்படாதீர்கள். அவர் காலத்துக்குப் பின் குடும்ப பென்ஷன் குறைந்துதான் வரும். நமக்குத் தலைக்கு மேல் கூரை வேண்டாமா?

போன ஞாயிறு பெரியம்மாவோடு நானும் போனேன். பெரியப்பா சுத்தமாகச் சவரம் செய்து, சட்டை மாற்றி உட்கார்ந்திருந்தார். இவளைப் பார்த்து, "நேரமாச்சும்மா, வீட்ல என் சம்சாரம் சாப்பிடாம காத்துக்கிட்டிருப்பா" என்றார்.

"சாப்பிட்டாச்சாம்" என்றாள் பெரியம்மா.

திரும்பி வரும்போது கல்மண்டபத்தில் ஆட்டோவை நிறுத்தி, தனக்கென்று அரை டஜன் வாழைப்பழம் வாங்கினாள். அதையும் நோட்டில் எழுதச் சொல்லியிருக்கிறேன்.