அட்சதை விழும் நிமிடம்

பழைய கல்யாணக் கசெற்றுகளை இறுவட்டில் ஏற்றுவது பற்றிச் சென்ற இதழில் எழுதியவர் மூன்று வாதங்களை வைத்திருந்தார். ஆறு மணி நேர வீடியோவையும் ஒரே டிவிடியில் அடக்கிவிடலாம் என்பது முதலாவது. விஎச்எஸ் படமே மங்கல், அதனால் பிட்ரேட்டைக் குறைத்தால் ஒன்றும் கெடாது என்பது இரண்டாவது. குறை தெரிந்தால் பிறகு திருத்திக்கொள்ளலாம் என்பது மூன்றாவது. மூன்றும் பிழை. கொழும்பில் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் இந்த வேலையில் இறங்கும் பிள்ளைகள் அவரை நம்பினால் இழப்பு குடும்பங்களுக்குத்தான்.

முதலில் கணக்கு. ஓரடுக்கு டிவிடியில் 470 கோடி பைட் கொள்ளும்; அதாவது 3,760 கோடி பிட். இரண்டு மணி நேரத்துக்குப் பங்கிட்டால் செக்கனுக்கு 5.2 மெகாபிட் வரும். மூன்று மணி நேரம் என்றால் 3.5. ஆறு மணி நேரம் என்றால் வெறும் 1.7. ஒலியை அமுக்காமல் பிசிஎம் ஆகவே விட்டால் அது மட்டும் 1.5ஐ விழுங்கிவிடும், படத்துக்கு மிஞ்சுவது 0.2. ஒலியைப் பற்றி அவர் ஒரு சொல்லும் எழுதவில்லை. ஏசி-3 முறையில் 192 கிலோபிட்டாக ஒலியைச் சுருக்கினாலும், டிவிடிக்கே உரிய மேற்செலவு போகப் படத்துக்குக் கிடைப்பது ஏறக்குறைய 1.5தான். டிவிடி நியமம் படத்துக்கு அனுமதிக்கும் உச்சம் 9.8. அதில் ஆறில் ஒரு பங்குகூட இல்லாத ஒன்றை வைத்துக்கொண்டு, 720க்கு 576 என்ற முழு அளவில் படம் தரலாம் என்கிறார். பெட்டி நிறைந்துவிட்டது என்று சொல்லலாம். உள்ளே படம் இருக்கிறது என்று சொல்ல முடியாது.

இரண்டாவது வாதம் இதைவிட மோசம். மங்கல் வேறு, இரைச்சல் வேறு. டிவிடிக்குப் படத்தைச் சுருக்கும் எம்பெக்-2 முறை ஒரு முழுப் படத்தை எழுதிவிட்டு, அதன் பின் வரும் படங்களில் மாறியதை மட்டுமே குறித்துக்கொண்டு போகும். பழைய நாடாவில் துடிக்கும் புள்ளிகளோ, செக்கனுக்கு 25 படத்திலும் புதிது புதிதாக மாறுகின்றன. அது இரைச்சல், இது முகம் என்று பிரித்தறிய என்கோடருக்குத் தெரியாது. கிடைத்த பிட்டைப் புள்ளிகளுக்குக் கொடுத்துவிட்டு முகத்தைப் பட்டினி போடும். ஆகவே கெட்ட கசெற்றுக்குத்தான் கூடுதல் பிட் வேண்டும். அல்லது முதலில் இரைச்சலை மெல்லத் தணிக்க வேண்டும்.

மங்கலால் கிடைக்கும் உண்மையான ஆதாயம் ஒன்று உண்டு. அதை அவர் காணவேயில்லை. விஎச்எஸ்ஸின் கிடைநுணுக்கம் 240 கோடு அளவுதான். எனவே அகலத்தை 352 ஆக்கினால் இழப்பு மிகக் குறைவு. டிவிடி நியமமும் அதை ஏற்கிறது. உயரம் 576ஐ மட்டும் தொடக்கூடாது; பாதியாக்கினால், ஒன்றுவிட்ட கோடுகளால் ஆன இரு புலங்களில் (field) ஒன்று முழுவதும் போய் அசைவு வெட்டி வெட்டி ஓடும். இந்த வழியில் செக்கனுக்கு 2.3 மெகாபிட்டில் நான்கு மணி நேரத்தை மரியாதையாக ஏற்றலாம். அதற்கு மேல் இருந்தால் இன்னொரு இறுவட்டு எடுங்கள்: முகூர்த்தம் ஒன்றில், வரவேற்பு மற்றதில்.

அவர் சொன்னபடி செய்தால் படம் எங்கே உடையும்? மணவறையில் வரிசையாக நின்று போட்டோ எடுக்கும் இடத்தில் உடையாது, அங்கே அசைவில்லை. கெட்டிமேளம் முழங்கும் நேரத்தில்தான் உடையும். அட்சதை ஒவ்வொன்றும் தனித்தனி அசைவு. ஒவ்வொரு ஃப்ளாஷும் படம் முழுவதையும் வெளுப்பாக்க, முந்திய படம் உதவாமல் போகும். கூறைச்சேலையின் சரிகை மின்னும், ஓமப்புகை அலையும், கமெராவும் கையில் ஆடும். இருமுறை ஓட்டி என்கோட் செய்வது இதற்காகத்தான். முதல் ஓட்டத்தில் தேவையை அளந்து, இரண்டாவதில் அசையாத இடத்தில் மிச்சம் பிடித்ததைத் தாலிகட்டுக்குக் கொடுக்கலாம். ஆனால் சராசரியே 1.5 என்றால் மிச்சம் பிடிக்க என்ன இருக்கிறது?

மூன்றாவது வாதத்துக்கு என் வீட்டிலேயே பதில் இருக்கிறது. தமிழருக்கு எதிரான 1983 ஜூலை வன்முறையில் எங்கள் வீட்டோடு அல்பங்களும் எரிந்தன. அம்மம்மா அசைந்து நடமாடும் ஒரே காட்சி, வெள்ளவத்தையில் நடந்த அக்காவின் கல்யாணக் கசெற்றில் இருந்தது. ஒரு கடையில் அதை ஒரே இறுவட்டாக்கிக் கொடுத்தார்கள். கசெற்றில் பூஞ்சணம் பிடித்திருந்ததால் வீசிவிட்டோம். அட்சதை போட அம்மம்மா கையைத் தூக்கும் அந்த நிமிடத்தில் இன்று அவர் முகம் இல்லை, சதுரங்கள்தான் இருக்கின்றன. எந்த மென்பொருளாலும் அவற்றுக்குள்ளிருந்து அவரை எடுக்க முடியாது. என்கோடர் எறிந்ததை யாரும் திரும்பப் பொறுக்கி எடுக்க முடியாது. கசெற் இருந்தாலும் ஓட்டக் கருவி வேண்டுமே? கடைசிவரை விஎச்எஸ் கருவி செய்துவந்த ஃபுனாய் நிறுவனமும் 2016இல் நிறுத்திவிட்டது.

"பிறகு திருத்திக்கொள்ளலாம்" என்பவர் அந்தப் "பிறகு" எங்கே இருக்கிறது என்று எங்களுக்குக் காட்டட்டும். காட்ட முடியாவிட்டால் அந்த அறிவுரையைத் திரும்பப் பெறட்டும். வீடியோ எத்தனை மணி நேரம் என்று பார்த்து இறுவட்டின் எண்ணிக்கையை முடிவு செய்யுங்கள்; இறுவட்டு ஒன்று என்று முடிவு செய்துவிட்டு முகங்களை வெட்டாதீர்கள். கசெற்றை வீசவும் வேண்டாம்.