பொதுச்சொத்துக்கு ஆள் வேண்டாம் என்னும் மயக்கம்

திறந்த மூல மென்பொருள், அதாவது எவரும் படிக்கவும் திருத்தவும் பகிரவும் உரிமம் தரப்பட்ட மூலநிரலால் ஆன மென்பொருள், ஒருமுறை முதிர்ந்து பரவிவிட்டால் உலகமே அதைப் பேணிக்கொள்ளும் என்னும் நம்பிக்கை கணினித் துறையினரிடமும், அதைவிட மிகுதியாக அதை விலையின்றிப் பயன்படுத்தும் நிறுவனங்களிடமும் வேரூன்றியிருக்கிறது. கண்கள் பெருகினால் பிழைகள் எளிதில் புலப்படும் என்று எரிக் ரேமண்ட் 1990களின் இறுதியில் முன்வைத்த கருத்து இதற்கு ஆதாரமாகக் காட்டப்படுகிறது. பயன்படுத்துவோர் எல்லாரும் மூலநிரலைப் படிப்போர் அல்லர் என்பது மட்டும் மறக்கப்படுகிறது.

இந்த மறதியின் விலை நெல்லை மாவட்டத்து உவரிக் கடற்கரை வரை எட்டக்கூடியது. இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில் எழுந்து, உள்ளூரில் காற்றே இல்லாத நாளிலும் கரையேறித் தாக்கும் அலைப்பெருக்காகிய கள்ளக்கடலைப் பற்றி நெல்லைக் கடலோரத்துக்கு எச்சரிக்கை விடுப்பது ஐதராபாத்தில் 1999இல் தொடங்கப்பட்ட இன்காய்ஸ் என்னும் கடல்சார் தகவல் மையம். அம்மையம் அலைகளைக் கணிக்கப் பயன்படுத்துபவற்றுள் ஒன்று வேவ்வாட்ச் 3 என்னும் திறந்த மூல நிரல். அந்நிரலோ, கடல் தரவுகளை ஒரே ஒழுங்கில் எழுதவும் படிக்கவும் உதவும் நெட்சிடிஎஃப் என்னும் நிரல் தொகுப்பைச் சார்ந்தது. நெட்சிடிஎஃப் முப்பது ஆண்டுகளுக்கு மேல் முதிர்ந்தது, உலகெங்கும் பரவியது. எனினும் அதைப் பராமரிக்கும் யூனிடேட்டா, அமெரிக்க தேசிய அறிவியல் அறக்கட்டளையின் நிதி தடைப்பட்டதால், 2025 மே மாதத்தில் தன் பணிகளில் பெரும்பகுதியை நிறுத்திவைக்க நேர்ந்தது. உலகெங்கும் பயன்பட்டதால் மட்டும் சம்பளம் வந்துவிடவில்லை.

பங்களிப்பாளர்களைச் சேர்த்தால் போதும் என்பாரும் உளர்; அது போதாது என்பதை ஒரு நிகழ்ச்சி காட்டுகிறது. எக்ஸ்இசட் என்னும் தரவுச் சுருக்க மென்பொருளை ஏறக்குறைய தனியாகக் காத்துவந்தவர் களைத்திருந்த வேளையில், ஜியா டான் என்னும் பெயரில் வந்த ஒருவர் ஈராண்டுக்கு மேல் நல்ல திருத்தங்களை அனுப்பி நம்பிக்கை பெற்று, 2024இல் கள்ளவழியொன்றை அதற்குள் புகுத்தினார். ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட் என்னும் பொறியாளர் அதைக் கண்டுபிடித்ததும், கணினிக்குள் நுழைய அரை நொடி கூடுதலாக ஆனதை ஆராயப் புகுந்ததால்தான். ஆட்பஞ்சத்தைவிட, வரும் திருத்தங்களைப் பொறுமையாகப் படித்து, சோதித்து, வேண்டாதவற்றை மறுத்து, புதியவரைப் பழக்கும் நேரப் பஞ்சமே கொடியது. ஆயிரம் பேர் அனுப்பினும் படிப்பவர் ஒருவரே என்றால் சுமை கூடுமேயன்றிக் குறையாது.

தாமிரபரணிப் பாசனத்தில் குளத்து நீர் ஊருக்கெல்லாம் பொதுவாயினும், மடை திறந்து வயலுக்குப் பாய்ச்ச ஓர் ஆளை அமர்த்தி, பயன்பெற்ற உழவர்கள் விளைச்சலிலிருந்து அவருக்கு நெல் அளந்தார்கள். பொதுமையும் கூலியும் பகையல்ல என்பதை அறிந்திருந்த நாட்டில், விலையில்லா மென்பொருளுக்கு உழைப்பும் விலையின்றி வரும் என்று எண்ணுவது வெறும் சோம்பல். திறந்த மூல நிரல்கள்மேல் தம் சேவைகளைக் கட்டியிருக்கும் இந்திய அரசு மையங்களும் தனியார் நிறுவனங்களும், பராமரிப்பு வேலைக்கென ஊதியத்துடன் பொறியாளர்களை ஒதுக்க வேண்டும். நெல்லைப் பொறியியல் கல்லூரிகள் வழுக்களைச் சோதித்து உறுதிசெய்வதையும் ஆவணம் எழுதுவதையும் மதிப்பெண்ணுக்குரிய பாடமாக்க வேண்டும்.