ஐம்பத்தோராம் மீட்டர்

நகரமன்றம் கூடினால் தெருவிளக்கும் சாக்கடையும் குடிநீர் வரியும் பேசி முடிவு காணப்படுகின்றன. மதுக்கடை என்று ஓர் உறுப்பினர் எழுந்தால் மட்டும், அது அரசின் விவகாரம் என்னும் விடை வருகின்றது. உண்மைதான். தமிழ்நாட்டில் 2003 முதல் சில்லறை மது விற்பனை டாஸ்மாக் கையில். நகரமன்றம் தீர்மானம் அனுப்பலாம், கடையை மூட இயலாது.

விதியோ விந்தையானது. மாநகராட்சியிலும் நகராட்சியிலும் வணக்கத்தலம், கல்விக்கூடம் ஆகியவற்றிலிருந்து 50 மீட்டருக்குள் கடை கூடாது. பிற ஊர்களில் 100 மீட்டர். நகரத்துப் பிள்ளைக்குப் பாதித் தொலைவு போதுமெனக் கண்ட ஞானத்தை என்னென்பது! வணிகப் பகுதி என வகுக்கப்பட்ட இடத்தில் அந்த ஐம்பதும் இல்லை.

ஆயினும் என் வழக்கு அரசோடு மட்டுமன்று. நம் ஜமாஅத்துகள் எழுதும் மனுக்களைப் பாருங்கள்: "பள்ளிவாசலுக்கு அருகில் உள்ளது, இடம் மாற்றுக." எங்கே மாற்றுவார்கள்? மனு எழுத ஆளில்லாத கூலிக்காரர் தெருவுக்கு. அத்தெருப் பெண் நம் மஹல்லாவினள் அல்லள் என்பதால் அவள் அடுப்பு அணைவது நமக்குப் பொருட்டில்லையா? அறிவை மூடுவதாலேயே மதுவுக்குக் 'கம்ர்' என்று பெயர் என ஓதிக்கொடுக்கும் நாமே, அது ஐம்பத்தோராம் மீட்டரில் ஹலாலாகிவிடுவது போல் நடக்கின்றோம்.

கடையை மூடினால் கள்ளச்சாராயம் பெருகும் என்பாரும் உளர். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60க்கு மேற்பட்டோர் மாண்டபோது டாஸ்மாக் கடைகள் திறந்தேயிருந்தன. மூடவும் முடியும், 2023 ஜூனில் 500 கடைகளை அரசே மூடிற்று. ஆகவே ஜமாஅத்தார் அடுத்த மனுவில் 'இடம் மாற்றுக' என்பதை அடித்து 'மூடுக' என்று எழுதட்டும். அந்தக் கூலிக்காரர் தெருவிலும் சென்று கையொப்பம் கேட்கட்டும்.