'பிக்' போனது, 'பஜார்' நின்றது

2022 பிப்ரவரிக் கடைசியில் பல ஊர்களில் பிக் பஜாருக்குப் போனவர்கள் மூடிய ஷட்டரைப் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள். மறுபடி திறந்தபோது கட்டடம் அதேதான். வாசலில் தொங்கியது மட்டும் வேறு: ஸ்மார்ட் பஜார்.

கடையின் பெயர் மாறினால் உடனே புது வண்ணம், புது லோகோ என்று பேசத் தொடங்கிவிடுகிறோம். இந்தப் பலகையை எழுதியது ஓவியர் அல்ல, வாடகைப் பத்திரம்.

பிக் பஜாரை நடத்திவந்த கிஷோர் பியானியின் ஃபியூச்சர் குழுமம் தன் சில்லறை வணிகத்தை 24,713 கோடி ரூபாய்க்கு ரிலையன்ஸிடம் விற்க 2020 ஆகஸ்டில் ஒப்புக்கொண்டது. அமேசான் குறுக்கே நின்றது. வழக்கு சிங்கப்பூர் நடுவர் தீர்ப்பாயத்துக்கும் உச்ச நீதிமன்றத்துக்கும் அலைந்துகொண்டிருக்க, இங்கே வாடகை பாக்கி ஏறியது. பல கட்டடங்களின் குத்தகையை ரிலையன்ஸ் தன் பெயருக்கு எழுதி வாங்கி, ஃபியூச்சருக்கே உள்வாடகைக்கு விட்டது. அந்த வாடகையும் வராமல் போகவே 900-க்கும் மேற்பட்ட கடைகளின் உள்குத்தகையை முறித்தது. 2022 ஏப்ரலில், கடன் கொடுத்த வங்கிகள் எதிர்த்து வாக்களித்ததில் விற்பனை ஒப்பந்தமே கலைந்தது.

ஆக, சுவர் ரிலையன்ஸுக்குக் கிடைத்தது, பெயர் கிடைக்கவில்லை. ஃபியூச்சரிடம் பெயர் இருந்தது, அதை மாட்டச் சுவர் இல்லை. பாதிப் பெயர் மட்டும் தப்பியது எப்படி என்றால், 'பஜார்' எவரும் பட்டா போட முடியாத பொதுச் சொல்.

இதில் நஷ்டமானது வெறும் பெயர்தானே என்று தள்ளிவிட முடியாது. 2001-இல் தொடங்கிய பிக் பஜார், 2006 முதல் குடியரசு தினத்தையே தள்ளுபடித் திருவிழாவாக்கியது. அகலமான நடைவழி வைத்தால் மக்கள் எதையும் தொடாமல் கடந்துபோகிறார்கள் என்று கண்டு, பியானி வேண்டுமென்றே நெருக்கடியை உண்டாக்கினார். கோதுமையையும் பருப்பையும் கையால் அள்ளிப் பார்த்து வாங்கும்படி திறந்து வைத்தார். அந்தப் பெயரைக் கேட்டதும் ஜனங்களுக்கு நினைவு வந்தது இந்தச் சந்தைச் சத்தம்தான். அதை எந்தக் குத்தகைப் பத்திரத்திலும் எழுதிக்கொடுக்க முடியாது.

அந்தச் சத்தத்துக்கு ஊற்றுக்கண் எங்கே என்று பியானியே சொல்லியிருக்கிறார்: சென்னை தியாகராய நகரின் சரவணா ஸ்டோர்ஸ். அங்கே கதை நேர்மாறு. குடும்பம் பங்கு பிரிந்தது, கடைகள் தனித்தனியாயின, 'சரவணா'வை மட்டும் யாரும் விட்டுக்கொடுக்கவில்லை. முன்னால் ஒரு 'சூப்பர்', இன்னொன்றுக்கு 'லெஜண்ட்', வேறொன்றில் பின்னால் 'செல்வரத்தினம்'. வெளியூரிலிருந்து தீபாவளித் துணி எடுக்க வருகிறவருக்கோ எல்லாமே சரவணா ஸ்டோர்ஸ்தான்.