முன்கூட்டியே பூட்டப்படும் வாசல்

அமெரிக்காவின் புகழ்பெற்ற தனியார் கல்லூரிகள் பலவற்றில் ‘முன்முடிவு’ விண்ணப்பத்திற்கு நவம்பர் முதல் தேதியே கெடு. இம்முறையில் ஒரே ஒரு கல்லூரியை மட்டுமே தேர்வு செய்ய முடியும். டிசம்பர் நடுவில் இடம் கிடைத்துவிட்டால், பிற விண்ணப்பங்களையெல்லாம் திரும்பப் பெற்று அங்கேயே சேர்வதாக மாணவரும் பெற்றோரும் பள்ளி ஆலோசகரும் முன்னரே கையெழுத்திட்டுத் தருகின்றனர். பல கல்லூரிகள் முதலாண்டு இடங்களில் ஏறக்குறையப் பாதியை இவ்வழியிலேயே நிரப்பிவிடுகின்றன. வசந்தகாலம் வரை காத்திருப்போர் எஞ்சிய இடங்களுக்காக மோதிக்கொள்ள வேண்டியதுதான்.

யாரால் இப்படிக் கையெழுத்திட முடியும்? கட்டணம் எவ்வளவானாலும் செலுத்தக்கூடிய குடும்பங்களால்தான். தொழிலாளியின் பிள்ளைக்கோ, நான்கு கல்லூரிகள் தரும் உதவித்தொகையை ஒப்பிட்டுப் பார்த்தால்தான் எங்கே சேர முடியும் என்பதே தெரியும். உதவித்தொகை போதாவிட்டால் விலகிக்கொள்ளலாம் என்று விதி இருக்கிறது; அந்த விதியை நம்பித் துணிவதற்கும் ஆலோசகரும் அனுபவமும் வேண்டும். நிர்வாகங்களுக்கோ இது இரட்டை இலாபம். குறைவானோருக்கு இடமளித்தே வகுப்பை நிரப்பலாம்; நிராகரிப்பு பெருகப் பெருக, அதுவே ‘தரம்’ என்று விளம்பரமாகிறது. கடைச்சரக்கின் பற்றாக்குறையைக் காட்டி விலையேற்றும் வணிகனின் உத்திதான் இது.

இந்த அநீதி அவர்கள் அறியாததன்று. முன்சேர்க்கை வசதி படைத்தோருக்கே மேலும் வசதி செய்கிறது என்று கூறி ஹார்வர்டும் பிரின்ஸ்டனும் 2006இல் அதைக் கைவிட்டன. போட்டி நிறுவனங்கள் பின்தொடராத நிலையில், 2011இல் இரண்டும் கட்டுப்படுத்தாத வடிவில் அதனை மீண்டும் கொண்டுவந்தன. சந்தைப் போட்டிக்குள் நல்லெண்ணத்தின் ஆயுள் ஐந்தாண்டுகள்!

ராஜ் செட்டி உள்ளிட்ட பொருளியலாளர்கள் 2023இல் வெளியிட்ட ஆய்வு, ஐவி லீக் உள்ளிட்ட 12 நிறுவனங்களை ஆராய்ந்தது. ஒரே அளவு தேர்வு மதிப்பெண் பெற்றிருந்தாலும், நடுத்தர வர்க்கப் பிள்ளைகளைவிட உச்ச 1 சதவீதத்தினரின் பிள்ளைகள் அங்கே சேர்ந்து படிக்கும் வாய்ப்பு இரு மடங்குக்கும் மேல் என்று அது கண்டது. முன்னாள் மாணவரின் வாரிசுகளுக்குத் தரப்படும் சலுகை அதற்கு முக்கியக் காரணங்களுள் ஒன்று. அதே ஆண்டு ஜூன் 29 அன்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் இனத்தைக் கருத்தில் கொள்ளும் சேர்க்கைமுறையை ரத்து செய்தது. வாரிசுச் சலுகையை அது தொடவில்லை. கறுப்பின மாணவருக்கான கதவு ‘தகுதி’யின் பெயரால் சாத்தப்பட்டது, நன்கொடையாளரின் பேரனுக்கான கதவு திறந்தே கிடக்கிறது.

இது அயல்நாட்டுக் கதை என்று ஒதுக்க இயலாது. 2023 நவம்பரில் பல்கலைக்கழக மானியக் குழு வெளியிட்ட விதிமுறைகள், இந்தியாவில் வளாகம் அமைக்கும் அயல்நாட்டுப் பல்கலைக்கழகங்கள் தம் சேர்க்கைமுறையையும் கட்டணத்தையும் தாமே தீர்மானித்துக்கொள்ள அனுமதிக்கின்றன. இடஒதுக்கீட்டுக் கட்டாயம் எதுவும் அவற்றுக்கு இல்லை. உள்நாட்டுத் தனியார் பல்கலைக்கழகங்களின் நிலையும் ஏறத்தாழ இதுவே. அரசியல் சட்டத்தின் 15(5) பிரிவு, தனியார் கல்வி நிறுவனங்களிலும் இடஒதுக்கீடு வழங்கச் சட்டம் இயற்ற அரசுக்கு அதிகாரம் தந்து இருபது ஆண்டுகளாகின்றன. தனியார் உயர்கல்விக்கென அத்தகைய சட்டத்தை நாடாளுமன்றம் இன்னும் இயற்றவில்லை. அயல்நாட்டு வளாகங்களுக்குக் கதவு திறக்க மட்டும் ஒன்றிய அரசுக்கு விதிமுறைகள் விரைந்து கிடைத்துவிட்டன.