கொடிக்காலைப் படமெடுத்தால் சோறு கிடைக்குமா?

சோழவந்தானுக்குப் பக்கத்துத் தென்கரைக்காரர் டி.ஆர்.மகாலிங்கம். 'ஸ்ரீவள்ளி' (1945), 'நாம் இருவர்' (1947) என்று குரலாலேயே கொடிகட்டிப் பறந்தவர். மகன் பெயரில் கம்பெனி தொடங்கி, 'மச்சரேகை', 'மோகனசுந்தரம்', 'சின்னதுரை' என்று வரிசையாகச் சொந்தப் படம் எடுத்தார். சம்பாதித்த காசு கரைந்துபோனது. 1958-ல் கண்ணதாசன் 'மாலையிட்ட மங்கை'க்கு அழைத்த பிறகுதான் மறுபடி நிமிர்ந்தார். கையில் கேமராவோடு திரியும் பிள்ளையைப் பார்த்து அந்தப் பக்கத்துப் பெரியவர்கள் மிரண்டால், அதில் நியாயம் இருக்கிறது.

மகாலிங்கத்தின் படத்துக்காவது தியேட்டர் இருந்தது, டிக்கெட் இருந்தது. ஆவணப்படத்துக்கு அதுவும் கிடையாது. அந்தக் காலத்தில் படம் தொடங்குவதற்கு முன் கறுப்பு வெள்ளையில் 'நியூஸ் ரீல்' ஓடுமே, அது 1948-ல் தொடங்கிய ஃபிலிம்ஸ் டிவிஷன் எடுத்தது. அரசாங்கமே எடுத்தது, அரசாங்கமே ஓட்டியது. தனியாளாக எடுப்பவருக்குத்தான் திண்டாட்டம்.

குறும்படத்தின் கதை வேறு. மதுரைக்காரரான கார்த்திக் சுப்புராஜ், கலைஞர் டி.வி-யின் 'நாளைய இயக்குநர்' நிகழ்ச்சியில் குறும்படங்கள் எடுத்துக் காட்டினார். 2012-ல் 'பீட்சா' வந்துவிட்டது. குறும்படம் கோடம்பாக்கத்துக்கு ஒரு விசிட்டிங் கார்டு. ஆவணப்படம் எடுத்தவரைத் தேடி எந்தத் தயாரிப்பாளரும் வருவதில்லை.

பிறகு எப்படித்தான் காலம் தள்ளுவது? மதுரையிலேயே ஒரு பதில் இருக்கிறது: அமுதன் ஆர்.பி. 2003-ல் அவர் எடுத்த 'பீ', கோயிலை ஒட்டிய ஒரு மதுரைத் தெருவில் மலம் அள்ளும் பெண் தொழிலாளியின் பின்னாலேயே நடக்கிறது. அரை மணி நேரம்கூட ஓடாத படம். மூக்கைப் பொத்திக்கொள்ள இடம் தராத படம். அதன் பிறகு மணவாளக்குறிச்சி, கல்பாக்கம், கூடங்குளம் என்று கதிர்வீச்சைப் பற்றி மூன்று படங்கள், திருப்பூர் பனியன் தொழிலைப் பற்றி ஒன்று என நீண்டுகொண்டே போனது பட்டியல்.

ஆனால் படங்களைவிட அவர் செய்த பெரிய வேலை, படம் பார்க்கிற கூட்டத்தை உருவாக்கியதுதான். 'மறுபக்கம்' என்ற அமைப்பின் பெயரில் 1998-லிருந்து மதுரையில் ஆவணப்பட, குறும்பட விழா நடத்தினார். பெரிய கம்பெனி விளம்பரம் இல்லை, நுழைவுக் கட்டணமும் இல்லை. திரை கிடைக்காதவர் திரையைத் தானே தூக்கிக்கொண்டு போனார், அவ்வளவுதான். இதில் வசதியாக வாழலாம் என்று யாரும் கனவு காண வேண்டாம். சோற்றுக்குக் கல்யாண வீடியோவோ வாத்தியார் வேலையோ பக்கத்தில் இருந்தாக வேண்டும். அதைக் கேவலம் என்று நினைப்பவருக்கு இந்தத் தொழில் ஒத்துவராது.

விழா நடத்தவும் முடியாதபோது செல்போன் இருக்கிறது. துப்புரவுத் தொழிலாளர்களைப் பற்றி 2017-ல் திவ்யபாரதி எடுத்த 'கக்கூஸ்' படத்தைத் திரையிடப் பல இடங்களில் அனுமதி கிடைக்கவில்லை. யூடியூபில் ஏற்றினார். ஊர் ஊராகப் பார்த்தார்கள். அதோடு வழக்குகளும் வந்தன. அவற்றையும் செலவுக் கணக்கில் எழுதிக்கொள்ள வேண்டியதுதான்.

2023-ல் சோழவந்தான் வெற்றிலைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. வைகைத் தண்ணீரை நம்பி நிற்கும் அந்தக் கொடிக்காலைப் படமாக்க நினைக்கும் பிள்ளைக்கு ஒரு வார விடுமுறை போதாது. முதலில் அகத்தி வளர வேண்டும், அதைப் பிடித்துக் கொடி ஏற வேண்டும், பிறகுதான் இலைக் கிள்ளு. மாதக்கணக்காகும். முடித்த பிறகு முதல் காட்சியைச் சென்னையில் வைக்கத் தேவையில்லை. இலை கிள்ளுகிறவர்கள் வேலை முடித்துத் திரும்பும் சாயங்காலத்தில், ஊர்ச் சாவடியில் ஒரு வெள்ளை வேட்டியைக் கட்டினால் போதும். எங்கே தப்பாகக் காட்டியிருக்கிறது என்று அவர்களே சொல்லிவிடுவார்கள்.